அண்ணன் ஜாடை

போரில் மாண்ட, கணவனின் அண்ணன் கியெமின் ஒரே படத்தை, கண்ணாடி மாற்ற எடுத்துப்போன தூயெட் போகும் வழியில் படகிலேயே தொலைத்துவிட்டாள். மாமியாரிடம் சொல்லத் தைரியமில்லை. ஹாய்ஃபோங் நகரத்து ஓவியர் ஒருவர் அவள் கணவனை உட்காரவைத்து, பட்டாளத் தொப்பியோடு வரைந்து கொடுத்தார். அண்ணன் தம்பி ஜாடை எங்கே போகும்?

திதியன்று ஊதுபத்தி ஏற்ற வந்த மாமியார், படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருடி இதை வரைஞ்சது?"

தூயெட் காலில் விழுந்தாள். "பழசைத் தொலைச்சிட்டேன் அத்தை! இவரைப் பார்த்துதான் வரையச் சொன்னேன்."

மாமியார் படத்தைத் தடவினாள். "அச்சு அசல் என் புள்ளை! அவன் படமே எடுத்துக்கிட்டதில்லடி. உன் புருஷன் அப்போ கைக்குழந்தை, அவனுக்கு என்ன தெரியும்? பட்டாளத்துலேருந்து வந்த பையில, கூடவே செத்த கூட்டாளியோட படம்தான் இருந்துது. முகமில்லாம எப்படிக் கும்பிடறதுன்னு அதையே வச்சுக்கிட்டேன்."

தூயெட்டுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்போ நம்ம படம் தொலையலையே அத்தை!"

"நம்மது தொலையல." மாமியாரின் குரல் இறங்கியது. "அந்தப் பையனோட அம்மாவை இப்பத்தான் கண்டுபிடிச்சேன். அவகிட்ட அவன் படம் ஒண்ணுகூட இல்லையாம். இன்னிக்கு வாங்கிட்டுப் போக வர்றா."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னாலிருந்து ஒரு கிழவி இறங்கினாள், காலிப் படச்சட்டம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு.