சுற்றி வளைத்து ஓர் ஓட்டு

"தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கறதுக்கு உங்க மொழியில ஒரே சொல்லா என்ன வரும்?" அகராதி அலுவலகத்தின் நிர்வாகி கேட்டார்.

அங்கே ஆளுக்கு மொழிதான் பேர். ரஷ்யன் சார் உதட்டைப் பிதுக்கி, "சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும்" என்றார். சீனம் சாரும் அதையே சொன்னார். அரபி அக்கா, "அந்தப் புத்தியே வரக்கூடாது சார்" என்று முடித்துவிட்டார்.

"அது கிடக்கட்டும். மொதல்ல ஓட்டு." காலியாகக் கிடந்த தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டி, அதை அங்கேயே போட்டுவிட்டு, நிர்வாகி துண்டுச் சீட்டுகளை நீட்டினார். "மூணு பேர்ல யாரு தலைமைன்னு அவங்கவங்க மொழியிலேயே எழுதுங்க. ஒளிவு மறைவு வேண்டாம்."

அக்கா பேனாவைத் திறந்தார். பழைய தலைமை விட்ட பிழைகளைப் பதினோரு வருஷம் திருத்தியவர் அவர். அந்த நாற்காலி அவருக்கு வேண்டும். ஆனால் அரபியில் தன் பேரையே எழுதினால் மானம் போய்விடும்.

பக்கத்து மேஜை ரஷ்யனை இத்தனை வருஷம் பார்த்ததில் ஒரு பேர் எழுதும் அளவுக்குக் கை வந்திருந்தது. ரஷ்ய எழுத்தில் தன் பேரை எழுதி, மடித்து டப்பாவில் போட்டார்.

நிர்வாகி முதல் சீட்டைப் பிரித்தார். "இது ரஷ்யன். உங்க சீட்டை நீங்களே படிங்க."

ரஷ்யன் சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரபி அக்கா" என்றார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது சீனம்."

சீனம் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "ரஷ்யன் சார்."

மூன்றாவது சீட்டு அரபி. அக்கா எழுதாத சீட்டு. 'இது என் சீட்டு இல்லை' என்று மற்ற இருவரும் ஏன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"சீனம் சார்" என்று கணீரென்று படித்தார்.

மூவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

நிர்வாகிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனா ஒருத்தர்கூடத் தனக்குன்னு போட்டுக்கலையே. பதவி ஆசையே இல்லாத உங்க தலையில இந்தப் பாரத்தைக் கட்டினா எனக்குத்தான் பாவம்."

அக்கா வாயைத் திறந்தார். எதைச் சொல்வதானாலும் முதலில் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிக்கொண்டார்.

நிர்வாகி கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானே இருந்துக்கறேன்."