நடக்கப் போறதுக்கு

"அந்த ஆள்கிட்ட மட்டும் வாய் குடுத்துடாத. நான் வந்து சேர்ற வரைக்கும் ஊமை மாதிரி உக்காந்திரு."

வக்கீலக்கா போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. சரிக்கான்னு சொல்லிட்டு அவ போனை வச்சா. ஆனா அந்த ஆள் ஏற்கனவே பக்கத்துல வந்து உக்காந்தாச்சு.

ஜெயில் கேட்டுக்கு எதிர்ல சிமெண்ட் பெஞ்சு. அவ மடியில அண்ணனுக்குத் தைச்ச புதுச் சட்டை. இன்ஸ்பெக்டர் மடியில ஒரு ஃபைல். நடுவுல அவரோட போன், கவுத்து வச்சிருந்தார். கொஞ்சம் தள்ளி ஜீப்பு, அதுல ஒரு பொம்பள போலீஸ். போன தடவை தரையில விழுந்து புரண்டு அழுதோமே, இந்தத் தடவை நம்மளைப் பிடிச்சுக்க ஆள் கொண்டு வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டா.

அந்த ஃபைல்ல என்ன இருக்கும்னு அவளுக்குத் தெரியும். கோர்ட்டு அண்ணனை விடச் சொல்றது இது மூணாவது தடவை. முதல் ரெண்டு தடவையும் அண்ணன் கேட்டைத் தாண்டிக் காலை வச்சதும், இதே ஆள் இதே மாதிரி ஃபைலைத் திறந்து, புது தடுப்புக்காவல் உத்தரவைக் காட்டி, அப்படியே திருப்பி ஜீப்புல ஏத்திட்டார். வழக்கும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஊர் அமைதிக்கு ஆபத்துன்னு ஒரு வரி, அது போதும். அண்ணன் செஞ்சதெல்லாம் கம்பெனி லாரி ஏரியில கழிவைக் கொட்டுறதை வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பினதுதான்.

"என்ன தங்கச்சி, போன தடவை நீலச் சட்டை. இந்தத் தடவை வெள்ளையா?"

அவ கேட்டையே பார்த்துக்கிட்டிருந்தா.

"நல்ல தையல். நீயே தைச்சதா?"

"வேற யாரு தைப்பா?" வாயிலருந்து நழுவிடுச்சு. நழுவினது நழுவினதுதான். "இதையாவது அண்ணன் வீட்ல போட்டுக்கட்டும் சார்."

"என் கையில என்னம்மா இருக்கு? மேல இருந்து குடுக்குறாங்க, நான் கொண்டு வர்றேன். தபால்காரன் மாதிரி."

"அவர் அப்படி என்ன சார் தப்பு பண்ணிட்டார்?"

"தப்பு பண்ணினா அதுக்கு வேற சட்டம் இருக்கு. இது நடந்ததுக்கு இல்ல தங்கச்சி. நடக்கப் போறதுக்கு."

"மழை வரும்னு குடையைப் பிடிக்கலாம் சார். ஆளைப் பிடிக்கலாமா?"

"அடேங்கப்பா. அண்ணனை விட உனக்குத்தான் வாய் நீளம்."

சொல்லிட்டு அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்புல அவளுக்கு ஒரு நப்பாசை. ஆள் கல்லு இல்ல போல. கரைச்சுத்தான் பார்ப்போமே.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அவருக்கு வீடியோ எடுக்கவே தெரியாது. வர்ற போனை எடுக்கவே தடுமாறுவார். எடுத்தது நான்."

"நீயா?"

"நான்தான். கீழ எழுதினதும் நான்தான். அவர் பேர்ல போட்டேன், அவ்ளோதான்."

கால்வாசி உண்மை, மிச்சம் கைச்சரக்கு. எடுத்தது, எழுதினது எல்லாம் அண்ணன். எழுத்துப்பிழை பார்த்துக் குடுத்தது மட்டும் இவ.

"ஏரிக்கரையில கூட்டம் சேர்ந்துச்சே, அது?"

"வீடு வீடா போய்க் கூப்பிட்டதும் நான்தான் சார். அவர் வேலைக்குப் போயிருந்தார்."

"சரி. நாளைக்கே மறுபடி லாரி வந்தா?"

"அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதுக்கு நான் பொறுப்பு."

"அவரை விடு. நீ?"

வக்கீலக்கா முகம் ஒரு நிமிஷம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. ஆனா இப்போ பின்வாங்கினா, சொன்னதெல்லாம் புளுகுன்னு ஆயிடும். பழி பழையபடி அண்ணன் தலையில போய் உக்காந்துக்கும்.

"நான் விடுவேனா சார்? லாரி வர்றது நிக்கிற வரைக்கும் எடுப்பேன். ஊரையே கூட்டுவேன்."

இன்ஸ்பெக்டர் மெதுவா தலையாட்டினார். கோபப்படவே இல்ல. "வீட்ல வேற யாரும்மா இருக்கா?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"உடம்புக்கு ஏதாவது? மாத்திரை கீத்திரை சாப்பிடுறியா?"

"எனக்கென்ன சார், குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். அவருக்குத்தான் சர்க்கரை."

"காலையில சாப்டியா?"

காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் அப்படிக் கேட்பார்னு அவ நினைக்கவே இல்ல. "இல்ல சார். அண்ணன் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்னு."

"சாப்பிட்டுட்டே வந்திருக்கலாம்."

பெரிய கேட்டுல இருந்த சின்னக் கதவு திறந்துச்சு. அண்ணன் குனிஞ்சு வெளிய வந்தார். கன்னம் ஒட்டி, கையில ஒரு துணிப்பை. தங்கச்சியைப் பார்க்கல. நேரா இன்ஸ்பெக்டரைப் பார்த்து நின்னு, பழக்கதோஷத்துல ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

அவ சட்டையோட எழுந்துட்டா. இன்ஸ்பெக்டர் உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்கல.

"என்ன நிக்குறீங்க? போங்க. இன்னொரு தடவை உங்களைத் தொட்டா எங்களையே கூண்டுல ஏத்துவேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. ஓடிப்போய் அண்ணன் தோள்ல சட்டையைப் போட்டா. அளவு பெரிசாயிடுச்சு, பிரிச்சுத் தைக்கணும். வாய் குடுத்ததுதான் நல்லதா போச்சு, வக்கீலக்கா வரட்டும், சொல்லிக் காட்டணும்னு நினைச்சுக்கிட்டா.

"தங்கச்சி, ஒரு நிமிஷம்."

இன்ஸ்பெக்டர் கவுந்து கிடந்த போனைத் திருப்பி, அதுல ஓடிக்கிட்டிருந்த ரெக்கார்டிங்கை நிறுத்தினார். ஜீப்புல இருந்து பொம்பள போலீஸ் இறங்கி வந்து அவ தோளை ஒட்டி நின்னுச்சு. ஃபைலுக்குள்ள உத்தரவு தயாரா இருந்துச்சு. கையெழுத்து ஆயிடுச்சு, முத்திரையும் குத்தியாச்சு, பேர் எழுதுற இடம் மட்டும் காலி.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழட்டினார். "இத்தனை நாளா தங்கச்சி தங்கச்சின்னே கூப்பிட்டுட்டேன். உன் முழுப்பேர் என்னம்மா?"