கொடி காட்டாத நிமிடம்

"சிக்னல் போட்டாலும் அந்த ஆளு கொடி காட்ட மாட்டாரும்மா. அவ வரணும். வந்தாத்தான் வண்டி நவுரும்."

பூவம்மாள் பூக் கட்டிக்கொண்டே சொன்னாள். பிளாட்பாரத்தின் கடைசியில், ரயிலின் கார்டு பெட்டி வந்து நிற்கும் இடத்தில், பதினைந்து வருடமாக அவள் கூடை இருக்கிறது.

தண்ணீர்க் குழாய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த காயத்ரி துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாரு வரணும்?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? இவரு டூட்டியில வர்ற அன்னிக்கெல்லாம் இதே கூத்துதான். ஸ்டேஷன் கேட்டையே பாத்துக்கினு நிப்பாரு. ஏழெட்டுப் பேரு அடிச்சிப் புடிச்சி ஓடியாருவாங்க. அதுங்க ஏறினதும் மொகம் அப்படியே தெளிஞ்சிடும். ஒடனே கொடி. அதுல எது அந்த மவராசின்னு இங்கருந்து எனக்கு என்னா தெரியும்?"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ஏம்மா, நான் என்னா கோர்ட்டுலயா சாட்சி சொல்றேன்? கண்ணால பாக்குறேன். இப்ப கார்டுன்னு கூட சொல்லக் கூடாதாம், ட்ரெயின் மேனேஜராம். மேனேஜரு பண்ற வேலையா இது?"

காயத்ரி சிரிக்கவில்லை. அந்த மேனேஜரின் பெயர் தினகரன். அவள் புருஷன்.

ஏழு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. அவன் போனில் இருந்த ஒரு நம்பர் யாருடையது என்று அவள் கேட்டதில் ஆரம்பித்த சண்டை. துணிமணியை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை செங்கல்பட்டில். இந்த ஒரு வண்டியை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று, வண்டி வந்து நின்ற பிறகுதான் ஸ்டேஷனுக்குள் நுழைவாள். நடுவில் இருக்கும் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொள்வாள். பின்பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

நேற்று அந்தப் பெட்டியில் ஒருத்தி சொல்லிச் சிரித்தாள், கார்டுக்கு இந்த ஊரில் யாரோ இருக்கிறாள் என்று. இரவெல்லாம் தூக்கமில்லை. இன்று அரை மணி முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தோளில் மாட்டியிருந்த கருப்புப் பைக்குள் வக்கீல் கொடுத்த விவாகரத்து மனு இருந்தது. நான்கு நாளாகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தாள். அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், வண்டி செங்கல்பட்டு சேருவதற்குள் போட்டுவிடலாம்.

வண்டி வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து தினகரன் எட்டிப் பார்த்தான். இளைத்திருந்தான். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. யார் போட்டுக் கொடுத்தது?

வளைந்த பிளாட்பாரம் அது. வண்டியின் வாலில் இருக்கும் கார்டுக்கு, வண்டிக்கு முன்னால் இருக்கும் சிக்னல் தெரியாது. அதற்காக நடுத் தூணில் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார்கள். சிக்னல் பச்சையானதும் இதுவும் எரியும். அதைப் பார்த்து கார்டு கொடி காட்டி, மணி இரண்டு அடிக்க வேண்டும். டிரைவர் இரண்டு திருப்பி அடித்தால் வண்டி கிளம்பும். கல்யாணமான புதிதில் தினகரன்தான் விளக்கினான். "நான் மணி அடிக்காம டிரைவர் ஒரு அடி நகத்த முடியாது, தெரியுமா?" அப்போது அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது.

தூணில் விளக்கு எரிந்தது.

தினகரன் கொடியைத் தூக்கவில்லை. கேட்டைப் பார்த்தான்.

"பாத்தியா, பாத்தியா!" பூவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லல?"

காயத்ரிக்குக் காது மடல் சுட்டது.

கேட்டுக்குள் ஒரு கும்பல் ஓடிவந்தது. நாலைந்து ஆண்கள், இரண்டு காலேஜ் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மாம்பழ மஞ்சளில் புடவை கட்டிய ஒருத்தி. நல்ல உயரம். தலை கொள்ளாத பூ. காயத்ரியைவிட நிறம். ஓடும்போதுகூட அழகாக இருந்தாள்.

இவள்தான். காயத்ரி பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடி எடுத்தாள்.

மஞ்சள் புடவை ஏறிவிட்டாள். கொடி இன்னும் தினகரனின் தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவன் கண் கேட்டிலேயே இருந்தது.

"அட, இவ இல்லியா?" பூவம்மாளே குழம்பினாள்.

முன்னாலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். தினகரனின் வாக்கிடாக்கியில் அவர் குரல் கரகரத்தது. "என்னா தினகரன், சிக்னல் குடுத்து எவ்ளோ நேரம் ஆவுது?"

"ஒரே நிமிஷம் சார்."

அவன் காய்ச்சலில் கிடந்தபோது, "கஞ்சி ஆறட்டும், குடிச்சிட்டுப் போங்க, கொஞ்ச நேரம் கூட இருங்க" என்று காயத்ரி கெஞ்சியிருக்கிறாள். டூட்டி என்று எழுந்து போனவன். இன்று எவளோ ஒருத்திக்காக ஒரு வண்டி ஜனத்தையே நிறுத்திவைத்திருக்கிறான்.

பேனா மூடியைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகம் தெரியாவிட்டால் என்ன? இது போதாதா?

தினகரன் பெட்டியிலிருந்து இறங்கினான். நேராகப் பூக்கூடையை நோக்கி வந்தான். காயத்ரி சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"பூவம்மா, நீங்க தினம் இங்கதான இருக்கிறீங்க. கருப்புப் பை மாட்டிக்கினு ஒருத்தங்க ஓடி வருவாங்க, கடைசி ஆளா லேடீஸ் பெட்டியில ஏறுவாங்க. இன்னிக்குக் கண்ணுல பட்டாங்களா? லீவே போட மாட்டாங்க. ஒடம்புக்கு ஏதாவதான்னு..."

"யாரு சார் அது? சொந்தமா?"

"என் சம்சாரம்மா."