ஐம்பத்தொரு சதவீதம்

"மவுஸ்ல கை வைக்காத கமலம், டீ குடிச்சிட்டு வந்துடறேன்." டிஸ்க்கை ரைட் செய்யப் போட்டுவிட்டு எங்கள் வீடியோ ஸ்டூடியோவிலிருந்து இறங்கிய என் கணவர், திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் நெல் லாரி மோதி இறந்தார். டிஸ்க் ஐம்பத்தொரு சதவீதத்தில் நின்றிருந்தது.

அது எங்கள் மகளின் காதுகுத்து வீடியோ. பின்பாதியில், கேமராவை என் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவர் முகம் இருக்கும் ஒரே வீடியோ. காரியம் முடிந்த அன்றே கம்ப்யூட்டர் தனக்கு என்று சொல்லிவிட்டார் கொழுந்தனார். அவர் எடுத்துப் போவதற்குள் வீடியோவை டிஸ்க்கில் ஏற்றிவிட வேண்டும்.

"இது ரெண்டு லேயரா, அடுக்கடுக்கா பதியுற டிஸ்க்கு அக்கா. அடுத்த லேயருக்கு மாறுற இடத்துல அடம் பிடிக்குது. ஸ்பீடைக் குறைங்க" என்றார் சர்வீஸ் பார்க்கும் வெற்றிசெல்வன். குறைத்தோம். டிஸ்க்கை மாற்றினோம், ரைட்டரையும் மாற்றினோம். பென் டிரைவிலும் பாதிதான் ஏறியது. ஊரார் கல்யாணங்கள் மட்டும் முழுதாக ஏறின.

பாதியில் நின்ற டிஸ்க்குகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே தாய்மாமன் மடியில் குழந்தை அழும் இடத்தில் நிற்கின்றன. அதற்குச் சற்று முன் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கிறது: "மவுஸ்ல கை வைக்காத கமலம், வந்துடறேன்." கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் அந்தக் குரல் இல்லை.

இன்று காலை மறுபடியும் ஒரு டிஸ்க்கை ரைட் செய்யப் போட்டிருந்தபோது கொழுந்தனார் ஆட்டோவோடு வந்தார்.

"எடுத்துக்கலாமா அண்ணி?"

"மவுஸ்ல கை வைக்காதீங்க தம்பி" என்றேன்.

திரையில் ஐம்பத்தொன்று இருந்தது.