இங்கே மார்த்தாள் யார்?

அரிசி பாதி வெந்திருந்தபோது ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது.

வேதக்கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மூன்று அடுப்பு. அறுப்பின் பண்டிகைக்கு இருநூறு பேர் சாப்பாடு. கூடமாட வேலை செய்ய வருவதாகச் சொன்ன பெண்கள் பட்டுச்சேலையில் வந்து, பாட்டு முடிந்ததும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினெட்டு வருடமாகப் பண்டிகைப் பிரசங்கம் அவளுக்கு இந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்துதான் வருகிறது.

மதுரையிலிருந்து வந்த பிரசங்கியார் குரலை உயர்த்தினார்.

"தங்கச்சி மரியாள் ஆண்டவர் பாதத்துல உட்கார்ந்து கேட்கிறா. அக்கா மார்த்தாள்? அடுப்படியில பாத்திரத்தை உருட்டுறா! இந்தச் சபையில மார்த்தாள்னு யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

"அவ அடுப்படியிலதான் இருக்கா, ஐயா!"

கூடமாட வருவதாகச் சொன்ன ஜெபக்கனியின் குரல்.

கோயிலே சிரித்தது. ஒலிபெருக்கி அதை ஊருக்கெல்லாம் கொடுத்தது.

பள்ளிக்கூடத்தில் கேட்ட சிரிப்பு. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா, "பேரு மார்த்தாளா? அப்ப சமையலுக்குக் கவலையில்ல" என்றபோது பந்தலில் கேட்ட சிரிப்பு.

அப்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். மண்ணை அள்ளிப் போட்டாள். மூன்று அடுப்பும் அணைந்தன.

கரி படிந்த சேலையோடு கோயிலின் நடுப்பாதையில் நடந்தாள். முதல் வரிசையில், போதகரின் மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையைத் தூக்கினாள்.

"நாந்தான் மார்த்தாள். இந்தப் பேருக்கு என்ன அர்த்தம், ஐயா? மைக்குலயே சொல்லுங்க."

பிரசங்கியார் தொண்டையைச் செருமினார். அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அப்பா தேடிப் பிடித்து வைத்த பெயர்.

"எசமானி" என்றார். "வீட்டுக்குத் தலைவி."

இருநூறு பேரும் கேட்டார்கள்.

"சந்தோஷம். பிரசங்கத்தைச் சொல்லுங்க, கேக்கேன்."

உட்கார்ந்தாள்.

அவர் தாள்களைப் புரட்டினார். விட்ட இடம் கிடைக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுதது. போதகரின் மனைவி குனிந்து, "அக்கா, சோறு…" என்றாள்.

மார்த்தாள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. ஜெபக்கனி எழுந்து, யாரையும் பார்க்காமல், பட்டுச்சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு போதகரின் மனைவி.

மார்த்தாள் திரும்பவில்லை.

"சாம்பாருக்கு இன்னும் உப்புப் போடல" என்றாள்.