பச்சை அட்டை

“மேகத்துக்கு மேல ஒரு சலவைக்கூடம். ஊர்ல எல்லாரும் கண்ட கனவெல்லாம் அழுக்கு மூட்டையா அங்கதான் வரும். ஒரு பொண்ணு உக்காந்து துவைப்பா.”

புதியவர் லிஃப்ட் மெக்கானிக். ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மணிக்கட்டில் முடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டியிருந்தார்.

“ஒருநாள் அவளோட கனவே மூட்டையில வருது. அவளுக்கு அது ஞாபகமே இல்ல. பிரிச்சுப் பாக்கலாம்னு முடிச்சுல கைய வைக்கறா.” நிறுத்தினார். “அவ்வளவுதான்.”

ஜெராக்ஸ் கடை மாடியில் கூடியிருந்த மாயக்கதைப் பிரியர்கள் கை தட்டினார்கள். ஆளுக்கொரு நாவலோ படமோ சிபாரிசு செய்யலாம், முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. அதுதான் அந்தச் சங்கத்தின் ஒரே சட்டம்.

“முதல் நாளே சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டீங்களே! எனக்கு இப்பவே படிக்கணும் போல இருக்கு” என்றார் பல் டாக்டரம்மா. “யார் எழுதினது?”

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் களஞ்சியம் முந்திக்கொண்டார். “அதுவா? நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். முடிவு இருக்கு பாருங்க, அப்படியே ஆளை உலுக்கிடும்!”

களஞ்சியம் என்பது சங்கம் அவருக்கு வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த மாடியில் மட்டும்தான் அவர் பேச எல்லோரும் கேட்பார்கள். அந்த மரியாதை போய்விடக்கூடாது என்று, கேள்விப்படாத நாவலையும் படித்ததாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

“ஒரு தடவையாவது ‘படிக்கல’ன்னு சொல்லுங்க சார். என் ஆயுசுக்குள்ள காதாரக் கேட்டுட்டுப் போறேன்” என்றார் டாக்டரம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, களஞ்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்த களஞ்சியத்துக்கு மெக்கானிக்கும் வந்து கைகொடுத்தார்.

“சார், அந்த மூட்டையில என்ன இருந்துச்சு?”

களஞ்சியம் அடுத்த நாற்காலியை எடுத்தார். “நீங்கதானே சிபாரிசு பண்ணீங்க? உங்களுக்குத் தெரியாதா?”

“பாதிதான் தெரியும்.”

“அப்ப மீதியப் படிச்சுக்கங்க. நான் சொன்னா ருசி போயிடும். சட்டம் வேற இருக்கு.”

“இங்க யாரும் இல்லையே சார். எனக்கு மட்டும் சொல்லுங்க.”

விடமாட்டார் போலிருந்தது. களஞ்சியம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். “புத்தகத்தைத் தேடிப் பிடிங்க. பழைய புத்தகக் கடையில கிடைக்கும். பச்சை அட்டை, மேல மேகம் போட்டிருக்கும்.”

“பச்சை அட்டையா?” மெக்கானிக் ரப்பர் பேண்டை ஒருமுறை இழுத்துவிட்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பழுதான லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று விசாரிப்பவர் மாதிரிதான் பேசினார்.

“அது புத்தகம் இல்ல சார். என் வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, அவளா கட்டிச் சொன்ன கதை. இந்தச் சங்கத்துக்கு வரணும்னு அவதான் ஆசைப்பட்டா. எனக்குத் தெரிஞ்ச கதை அது ஒண்ணுதான்.”

களஞ்சியத்தின் கையிலிருந்த நாற்காலி பாதி மடங்கியபடியே நின்றது.

“முடிச்சு வரைக்கும் சொன்னா. தூக்கம் வருது, மீதிய காலையில சொல்றேன்னா.”

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது. “மன்னிச்சுக்கங்க… நான் அதைப் படிக்கல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டேன்.”

“அது நீங்க சொன்னப்பவே தெரியும் சார்.”

மெக்கானிக் அவர் கையிலிருந்த நாற்காலியை வாங்கினார். விரித்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பரவாயில்ல, நீங்க சொல்லுங்க.”