பின் இருக்கை

இடது இறக்கை மறுபடியும் சட்டென்று சரிந்தது.

திரையில் புல்வெளி தலைகீழாகச் சுழன்று வந்து முகத்தில் அறைந்தது. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

"அயோக்கியத்தனம்!" மேஜையை ஓங்கித் தட்டினார், விமானப்படையில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மேஜை உடைஞ்சா அந்தக் கம்பெனிக்காரன் வந்து ஒட்டித் தர மாட்டான்!"

அவர் காதில் விழவில்லை.

அவர் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை வாங்கித் தந்த, வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் அது. கையில் பிடித்து ஓட்டுகிற ஸ்டிக், கால் பெடல், அகலத் திரை எல்லாம் சேர்ந்து பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தன. அவர் காலத்துப் பழைய ராணுவப் பயிற்சி விமானமும் அதில் இருந்தது. மூக்கில் ஒற்றை விசிறி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். முதல் நாள் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

இரண்டாம் நாளே சண்டை ஆரம்பித்துவிட்டது.

வேகம் குறைந்து விழப் போகிற விமானம் முதலில் உதறும். அந்த உதறல்தான் எச்சரிக்கை. உடனே மூக்கைத் தாழ்த்தினால் பிழைத்தோம். பத்தொன்பது வருடம் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. இந்தப் பாழாய்ப்போன சிமுலேட்டரிலோ, தரையிறங்குவதற்கு இடப்பக்கம் திரும்பும்போது, துளி உதறல்கூட இல்லாமல் இறக்கை தொப்பென்று விழுந்தது.

தயாரித்தவர்களுக்கு மூன்று கடிதம் போட்டார். 'ஒரு நல்ல விமானத்தின் பெயரைக் கெடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?' என்று மூன்றாவதில் கேட்டிருந்தார். எல்லாம் மாப்பிள்ளையின் மின்னஞ்சலிலிருந்துதான் போயிற்று. அவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை தட்டினார், காரமான இடங்களில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியபடி.

பதில் அன்று காலைதான் வந்திருந்தது. மாமனாரின் கோபம் தணியட்டும் என்று காத்திருந்த மாப்பிள்ளை, அது தணிகிற வழியாகத் தெரியாததால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, அவங்க கற்பனையா எதையும் சேர்க்கலையாம். இன்னமும் பறக்கிற ஒரு நிஜ விமானத்துல கருவி வெச்சு அளந்திருக்காங்க. வேகம் லேசா குறைஞ்சு, இடது பக்கம் திரும்பி, பின் சீட்டும் காலியா இருந்தா உதறவே உதறாதாம். நேரா விழுந்துடுமாம். அந்தக் காலத்துல யாரும் கண்டுபிடிக்கலையாம்."

"யாரும் கண்டுபிடிக்கலையா? பத்தொன்பது வருஷம் அதுல உக்காந்து பறந்தவன் மாப்பிள்ளை நான்! எனக்கே பாடம் எடுக்கிறானா?"

"நீங்க எந்த சீட்ல உக்காருவீங்க மாமா?"

"சொல்லிக்கொடுக்கிறவன் எங்க உக்காருவான்? பின்னாலதான்."



மாப்பிள்ளை திரையில் எதையோ தேடித் திறந்தார். பின் இருக்கையில் எழுபது கிலோவில் ஒரு ஆளை ஏற்றினார். "இப்போ ஓட்டுங்க."

அதே உயரம். அதே வேகம். அதே இடப்பக்கத் திருப்பம்.

கைக்குள் ஸ்டிக் கடகடவென்று உதறியது. அவருக்குத் தெரிந்த அதே உதறல். மூக்கைத் தாழ்த்தினார், விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஓடுபாதையில் பூ மாதிரி இறங்கியது.

"பாத்தீங்களா, நீங்க சொன்னதும் சரிதான்!" மாப்பிள்ளை கைதட்டினார். இரண்டு பக்கமும் சமாதானமாகப் போய்விட்டது என்ற நிம்மதி அவருக்கு.

"அந்த ஆளை எடுங்க."

"மாமா, அதான்..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

எடுத்தார். மாமனார் மறுபடி மேலே ஏறி, சுற்றி வந்து, திரும்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உதறலுக்காகக் காத்திருந்தார்.

உதறவில்லை. புல்வெளி வந்து அறைந்தது.

இந்தத் தடவை அவர் மேஜையைத் தட்டவில்லை.

"என்ன பதில் போடட்டும் மாமா?"



முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவன், தனியாகப் பறந்து இறங்கிய கையோடு நேரே அவரிடம் வந்தான். வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். "சார், திரும்பும்போது ஒரு எச்சரிக்கையும் இல்லாம விழப் பாத்துச்சு சார். இந்த விமானத்துல ஏதோ இருக்கு."

விமானத்தைக் குறை சொல்கிறவனைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பாராசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னார்.

ஓடி முடித்து வந்தான். மூச்சு இரைக்க இரைக்க விறைப்பாக நின்று, "என் தப்புதான் சார்" என்றான்.

நான்காம் நாள், தரையிறங்கத் திரும்பிய இடத்தில் விழுந்து இறந்துபோனான். பின் இருக்கை காலியாக இருந்தது.

விசாரணைக் குழுவுக்கு அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி. 'இறந்துபோன மாணவர் இதற்கு முன்பும் இதே தவறைச் செய்து, அதை என்னிடம் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவர்.'